மூலங் கூறா மேற்கோள்

சைவசித்தாந்தம் அளவையை முன்வைத்துப் பொருளைத் துணிவது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் அளவையிலக்கணத்தைத் தனியே வகுத்தருளினமை அறிஞர் யாவரும் அறிந்தது. ஒரு பொருளை நிறுவப் புகுவோன் அதனை எவ்வளவையால் நிறுவுகின்றான் என்பதை முதற்கண் தெரித்தல் வேண்டும் என்பதே அதன் கருத்து. காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் காண்டலுக்குக் கண்டோன் சான்று. கருதலுக்கு ஏது சான்று. உரைக்கு உரைத்தவனே சான்று. உரைத்தவன் இன்னான், அவன் நம்பத்தக்கான் என்பது தெளிந்த பின்னரே அவன் மொழி அளவையாம். உரைத்தவன் யாரென்று புலப்படாத உரை அளவையாகாது, வெற்றோசையாய் ஒழியும். இதனைத் தொடக்க மாணாக்கனும் அறிவான். அங்ஙனமாகவும், சைவத்தின் பெயரால் இந்நாளில் வெளிவரும் உரைநடை நூல்கள் பல இவ்வொன்றையே மறந்து எழுதப்படுகின்றன.

அச்சுத்தொழில் இக்காலத்து மிக எளிதாயிற்று. முன்னாளில் ஒரு நூலை அச்சேற்றுதற்குப் பொருளுடையார் துணையும் பல திங்கள் உழைப்பும் வேண்டும். இன்றோ கணினியின் உதவியால் ஐம்பது பிரதியேனும் சில நாளில் அச்சிட்டுக்கொள்ளலாம். ஆகவே ஆசிரியர் தாமே எழுதித் தாமே அச்சிட்டுத் தாமே வழங்கும் நூல்கள் பெருகின. தலவரலாறு, குடமுழுக்கு மலர், நாயன்மார் சரித்திரம், திருமுறை விளக்கம், சித்தாந்த வினாவிடை என அவை பலவகைப்படும். அவற்றைப் புரட்டுவோர்க்கு அடிக்கடி எதிர்ப்படும் தொடர்கள் சில உள. 'ஆகமம் கூறுகின்றது', 'கல்வெட்டுச் சான்று உண்டு', 'ஆராய்ச்சியாளர் துணிபு', 'பழைய நூலொன்றிற் கண்டது' என்பன அவை. எந்த ஆகமம்? காமிகம் முதல் வாதுளம் ஈறாக மூலாகமங்கள் 28. அவற்றின் வழிப்பட்ட உபாகமங்கள் மிகப் பல. அவற்றுள் எதன்கண், எந்தப் பாதத்து, எந்தப் படலத்தில் அது கூறப்பட்டது? எந்தக் கோயிற் கல்வெட்டு? எந்த ஆராய்ச்சியாளர், எந்த நூலில் அங்ஙனம் துணிந்தார்? இவ்வினாக்களுக்கு அந்நூல்களில் விடை இல்லை.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. முன்னோர் ஒருவர் பல்லாண்டு முயன்று எழுதிய விளக்கத்தைப் பக்கம் பக்கமாகப் பெயர்த்தெழுதி, அவர் பெயரை ஓரிடத்தும் கூறாது, முகப்பில் தம் பெயரை மட்டும் பெரிய எழுத்திற் பொறித்து வெளியிடுவாரும் உளர். நூலிறுதியிற் பொருளுதவிய வணிகர் பெயரெல்லாம் நிரலே இடம்பெறும். அறிவுதவிய ஆசிரியர் பெயர் இடம்பெறாது.

தாமே நூல் வெளியிடுதல் இங்குக் குற்றமாகக் கூறப்படவில்லை. அது சைவர்க்கு நெடுநாளைய மரபு. ஆறுமுக நாவலரவர்கள் 1849ஆம் ஆண்டிற் சென்னையினின்றும் அச்சியந்திரம் கொணர்ந்து, வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவித் தாம் எழுதியனவும் பரிசோதித்தனவும் ஆகிய நூல்களைத் தாமே வெளியிட்டார். சி. வை. தாமோதரம் பிள்ளையவர்கள் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இலும் கலித்தொகையை 1887இலும் வெளிப்படுத்தினார். மகாமகோபாத்தியாயர் உ. வே. சாமிநாதையரவர்கள் 1887இற் சீவகசிந்தாமணியைக் கையொப்பக்காரரின் உதவிகொண்டு தாமே பதிப்பித்தார். இவர்கள் பின்னே பெரிய பதிப்பகம் எதுவும் நிற்கவில்லை. அங்ஙனமிருந்தும் ஏடு கிடைத்த இடத்தையும் ஏடு உதவியவர் பெயரையும் பதிப்புரையிற் பொறித்தனர். பிழை வரின் தம்மையே சாரும் என்று அறிந்தவர்கள் ஆதலின், தம் கூற்றுக்கு நிலைக்களம் எது என்பதைக் கற்போர் முன் வைத்தனர். அவர் வழியிற் செல்கின்றோம் என்பார் அவர்தம் துணிவை மட்டும் மேற்கொண்டு, அவர்தம் ஒழுக்கத்தைக் கைவிடுதல் முறையாகாது.

தாமே வெளியிடுவோர்க்கு இவ்வொழுக்கம் ஏனையோரினும் மிகுதியாக வேண்டும். என்னையெனின், பண்டைக்காலத்து நூல் அரங்கேறிய பின்னரே உலகில் உலவியது. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்து அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதென்று பனம்பாரனார் பாயிரம் அறிவிக்கின்றது. அவையத்தார் வினாவினர், ஆசிரியன் விடையிறுத்தான், விடையில்லாதது நீக்கப்பட்டது. பிற்காலத்தில் அவ்விடத்தைப் பதிப்பகத்தாரும் மதிப்புரையாளரும் ஒருவாறு நிரப்பினர். தாமே எழுதித் தாமே அச்சிடுவோனுக்கு அவையும் இல்லை, தடுப்பாரும் இல்லை. நூலை வாங்கிப் படிக்கும் அன்பரே அவனுக்கு அவையத்தார். அவர்கள் வினாவினால் விடையிறுக்க அவன் அருகில் இருத்தல் இயலாது. ஆதலின் அவர்கள் வினாவக்கூடிய இடந்தோறும் விடையை முன்னரே எழுதிவைத்தல் அவன் கடன். மூலங் குறித்தல் எனப்படுவது இவ்விடையே.

காஞ்சிபுரத்துக் குமரகோட்டத்தில் கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தை அரங்கேற்றினார் என வழங்கும் வரலாற்றை இங்கு நினைக. முருகப்பெருமானே எடுத்துக்கொடுத்த முதலடியில் 'திகடசக்கரம்' என்னும் புணர்ச்சிக்கு விதி யாண்டுளது என்று அவையிலிருந்தார் ஒருவர் தடை நிகழ்த்தினார். இறைவன் அருளிய சொல் என்ற விடை அவைக்கு அமையவில்லை. மறுநாட் சோழநாட்டுப் புலவர் வடிவில் எழுந்தருளிய பெருமான் வீரசோழியத்தை விரித்து, அதன் சந்திப்படலத்தில் விதி இருக்குமாற்றைக் காட்டி மறைந்தருளினான் என்பது செவிவழி வரலாறு. சொல்லியவன் இறைவனே ஆயினும், கேட்டவர்க்கு இடங்காட்டி அவன் விடையளித்தான். காட்டிய நூலோ வீரராசேந்திர சோழன் காலத்துப் புத்தமித்திரர் என்னும் பௌத்தர் இயற்றியது. புறச்சமயத்தவர் நூலாயிற்றே என்று அதன் பெயர் மறைக்கப்படவில்லை. இவ்வரலாற்றைத் தம் நூல்களிற் சுவைபட எழுதுவோர், 'எழுதியவன் அடியவன், ஆதலின் சான்று கேளற்க' என்று கூறுவாராயின் அவர் அதனைப் படித்தும் உணர்ந்திலர் என்க.

இனி, மூலங் கூறாமைக்கு அவர்கள் காட்டும் நியாயங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்தல் தகும்.

'பழைய உரையாசிரியர்கள் "என்றார் பிறரும்" என்று கூறிச் சென்றார்களேயன்றி, நூற்பெயரும் செய்யுளெண்ணும் குறித்தாரல்லர். அவர் செய்யாததை யாம் செய்யவேண்டுவது என்னை?' என்பது முதற்கூற்று. அற்றன்று. அவ்வுரையாசிரியர்களின் முன்னிருந்த மாணாக்கர் மூலநூல்களை மனப்பாடமாகக் கொண்டவர்கள். ஓரடி கேட்ட அளவில் நூலை உணர்வார்கள். அம்மாணாக்கர் மறைந்தபின் நேர்ந்தது யாது? சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்கப் புகுந்த சாமிநாதையரவர்கள், நச்சினார்க்கினியர் பெயர் கூறாது எடுத்தாண்ட மேற்கோள்கள் எந்நூலின என்று அறியாது வருந்தியமையைத் தம் சரித்திரத்திற் கூறியுள்ளார். அவற்றின் இடந்தேடிய முயற்சியே திருவாவடுதுறை ஆதீனத்து ஏடுகளிலிருந்த எட்டுத்தொகையை அவர் கண்முன் நிறுத்தியது. அவர் ஒருவருக்கு அது கைகூடிற்று. இடங் காணப்படாத மேற்கோள்கள் இன்றும் உரைகளினிடையே உள்ளன. அவற்றின் நூலும் ஆசிரியரும் யாவர் என்பது தெரியாமற்போயிற்று.

மேலும், பழையோர் எல்லாரும் பெயர் கூறாதார் என்றலும் பொருந்தாது. சிலப்பதிகாரத்துக்கு உரைகண்ட அடியார்க்குநல்லார், இசைக்கும் நாடகத்துக்கும் உரிய தொன்னூல்கள் பல இறந்தன என்று கூறி, தாம் துணையாகக் கொண்டவை இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத் தமிழ்நூல் என்னும் ஐந்துமே என்று உரைப்பாயிரத்தில் வெளிப்படக் கூறினார். இவற்றுட் பஞ்சமரபு நெடுங்காலம் மறைந்திருந்து 1970களில் அச்சேறிய ஞான்று, அஃது எத்தகைய நூல், அதன் பெருமை யாது என்பதை அறிஞர்க்கு உணர்த்தியது அவ்வுரையாசிரியரின் ஒரு வாக்கியமே. புறத்திரட்டைத் தொகுத்தவரோ செய்யுள் எடுத்த நூலின் பெயரையும் உடன் குறித்துவைத்தார். முத்தொள்ளாயிரத்துள் இன்று கிடைப்பனவற்றிற் பெரும்பகுதி அவ்வொழுக்கத்தின் பயனாகக் கிடைத்தது. பெயர் கூறியவரால் நூல் பிழைத்தது. பெயர் கூறாதவரால் நூல் மறைந்தது. பின்பற்றத்தக்கார் யாவர் என்பதைக் கற்றோர் தாமே துணிவர்.

'முன்னோர் பொருளையும் மொழியையும் பொன்போற் போற்றுதல் மரபு என்று நன்னூலே விதித்தது. யாம் போற்றியே எடுத்தாண்டோம்' என்பது இரண்டாம் கூற்று. இதுவும் போலி. பொன்னைப் போற்றுதல் வேறு, பிறர் பொன்னைத் தன் பேழையில் வைத்துத் தன்னதெனல் வேறு. அந்நன்னூலே சிறப்புப்பாயிரத்துக்கு உரியனவாக எட்டுக் கூறுமிடத்து, ஆக்கியோன் பெயருக்கு அடுத்து 'வழி' என்பதை வைத்தது. இந்நூல் எதன் வழிப்பட்டது என்று முகப்பிலேயே கூறுக என்பது அதன் விதி. முதல், வழி, சார்பு என நூல் மூவகைப்படும் என்பதும் ஆண்டே கூறப்பட்டது. வழிநூலைச் செய்து முதனூல்போற் காட்டுவோன் இவ்விரண்டு விதியையும் கடந்தான்.

சேக்கிழார் சுவாமிகளினும் மிக்க புலமையுடையார் இந்நாளில் இரார். அவர் திருத்தொண்டர் புராணம் பாடப்புகுந்த ஞான்று, ஆளுடைய நம்பிகளின் திருத்தொண்டத்தொகையே தம் நூற்குப் பதிகம் என்பதையும், நம்பியாண்டார் நம்பிகள் அதனை அந்தாதியாக வகுத்தமையையும், அவ்வழியே தாம் விரிக்கின்றமையையும் திருமலைச் சருக்கத்திலேயே கூறியருளினார். தொகை, வகை, விரி என்று சைவ உலகம் இன்றும் அம்மூன்றையும் ஒருங்கு வழங்குகின்றது. வழியைக் கூறியதனாற் சேக்கிழார் பெருமை ஓரணுவளவேனும் குறைந்ததில்லை. அவருக்குக் குறையாதது இந்நாளார்க்குக் குறையும் என்று அஞ்சுதல் வியப்பேயாம்.

'அந்நூல்களின் உரிமைக்காலம் தீர்ந்தது. சில அரசினரால் நாட்டுடைமையாக்கப்பட்டன. யாரும் எடுத்துக்கொள்ளலாம்' என்பது மூன்றாம் கூற்று. சட்டம் கூறுவது அச்சிட்டு விற்கும் பொருளுரிமை. இந்திய நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டினது. இன்றுள்ளபடி அவ்வுரிமை ஆசிரியர் காலஞ்சென்றபின் 60 ஆண்டுவரை நிற்கும். அதன் 57ஆம் பிரிவோ, இந்நூலுக்கு ஆசிரியன் யான் என்று கூறிக்கொள்ளும் உரிமையைப் பொருளுரிமையினின்றும் வேறாக வைத்து, பொருளுரிமையை விற்றபின்னரும் ஆசிரியன் தன் பெயருரிமையை இழவான் என்கின்றது. சட்டம் ஒருபுறம் நிற்க. அடியவர் கட்டிய தண்ணீர்ப்பந்தரில் யாரும் நீர் பருகலாம். பருகினோன் பந்தரைக் கட்டியவன் தானே என்று கல்வெட்டுவித்தல் தகுமோ? திங்களூரில் அப்பூதியடிகள் தாம் வைத்த பந்தருக்கும் திருநாவுக்கரசர் பெயரையே எழுதினார். தம் உழைப்பால் ஆயதற்கும் குருவின் பெயரிட்டவரைத் தொழுவோர், பிறர் உழைப்பால் ஆயதற்குத் தம் பெயரிடுதல் எத்துணைப் புல்லிது!

'எம் நூல் அடியவர்க்கு உரியது. அவர்க்கு அன்பே வேண்டும். அடிக்குறிப்பும் எண்ணும் மேனாட்டார் வழக்கு' என்பது நான்காம் கூற்று. நான்கனுள்ளும் தீமை மிக்கது இதுவே. மூலங் கூறாமையால் அன்புக்கே கேடு விளையும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் தெளிக.

திருமுறை கண்ட வரலாற்றை எழுதும் சிறுநூல்களில், 'இராசராச சோழன் தில்லையில் தேவார ஏடுகளைக் கண்டெடுத்தமைக்குத் தஞ்சைக் கல்வெட்டே சான்று' என்னும் கருத்துக் காணப்படுவதுண்டு. தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டு, 'தென்னிந்தியக் கல்வெட்டுக்கள்' இரண்டாந் தொகுதியில் 65ஆம் எண்ணாக அச்சேறியுள்ளது. திருப்பதியம் விண்ணப்பஞ் செய்யும் பிடாரர் 48 பேருக்கும், உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிப்பார் இருவருக்கும், ஆக 50 பேருக்கு, ஆளொன்றுக்கு நாடோறும் முக்குறுணி நெல் அளக்கும்படி அரசன் வைத்த நிவந்தத்தை அஃது உரைக்கின்றது. ஏடு கண்டெடுத்த செய்தி அதன்கண் இல்லை. அச்செய்திக்கு நிலைக்களம் உமாபதி சிவாசாரியார் அருளியதாக வழங்கும் திருமுறைகண்ட புராணம். இரண்டும் வெவ்வேறு சான்று. வெவ்வேறு செய்தியைக் கூறுவன. இன்னும், இராசராசனுக்கு முன்னரே, 9ஆம் நூற்றாண்டில், திருவல்லத்துக் கோயிலில் திருப்பதியம் பாடுவார்க்கு நிவந்தம் இருந்தமையை நந்திவர்மன் காலத்துக் கல்வெட்டொன்று காட்டுகின்றது. 'இராசராசன் காலம்வரை தேவாரத்தை யாரும் அறிந்திலர்' என்று எழுதுவோர் இதனையும் நோக்கினாரல்லர்.

இச்சிறுநூலைப் படித்த இளைஞன் ஒருவன் ஆர்வத்தாற் கல்வெட்டுத் தொகுதியை எடுத்துப் பார்க்கின்றான் என்று கொள்க. ஏடு கண்ட செய்தியை அங்குக் காணான். கல்வெட்டில் உள்ளதென்றது பொய்யாயின் புராணத்தில் உள்ளதென்பதும் பொய்யே என்று அவன் ஐயுறுவான். சைவத்தைப் பழிக்கக் காத்திருப்பானோ அதனையே படைக்கலமாகக் கொள்வான். 'புராணம் இவ்வாறு கூறும். கல்வெட்டு இவ்வளவு கூறும்' என்று ஆசிரியர் பிரித்தெழுதியிருப்பின் புராணத்துக்கும் இழுக்கில்லை, கல்வெட்டுக்கும் இழுக்கில்லை, அன்பனுக்கும் ஐயமில்லை. அன்பின் மிகுதியால் ஊன்றிய பொய்த்தூண், நிலைத்து நின்ற மெய்த்தூணையும் உடன் சாய்த்தது. மூலங் குறித்தல் மேனாட்டார் வழக்கு என்பார்க்கு அளவையிலக்கணமும் சிறப்புப்பாயிரமும் தொகை வகை விரியும் எந்நாட்டார் வழக்கோ அறிகிலர்.

சிவஞானபோதம் பற்றிய வழக்கிலும் இக்குறையே நிலவுகின்றது. பன்னிரு சூத்திரமும் இரௌரவாகமத்துள்ளன என்று சிவஞான சுவாமிகள் கொண்டார். அவை மெய்கண்ட தேவர் தமிழிலேயே முதனூலாகச் செய்தன என்று பின்வந்த அறிஞர் சிலர் கொண்டனர். இருதிறத்துச் சிறுநூல்களும் பல வெளிவந்துள்ளன. உண்டென்பார் எந்த ஏட்டில், எந்தப் படலத்தில் என்று காட்டல் வேண்டும். இல்லையென்பாரும் எந்த ஏடுகளையும் எந்தப் பதிப்பையும் நோக்கி இல்லையென்றனர் என்று காட்டல் வேண்டும். புதுச்சேரியிற் பேணப்படும் சைவ ஏட்டுத்தொகுதி 2005இல் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. ஆண்டுள்ள ஏடுகளைக்கொண்டு என். ஆர். பட்டர் பரிசோதித்த இரௌரவத்தின் முதற்பகுதி 1961இலேயே அச்சேறிற்று. பார்த்தற்கு இடமிருந்தும் பாராது, ஒருவர் கூற்றை மற்றொருவர் பெயர்த்தெழுதி வழக்காடுதல் சித்தாந்தத்தின் முதனூலுக்குச் செய்யும் தொண்டாகாது.

'பொருளும் காலமும் துணையும் எமக்கில்லை' என்பது இறுதிக் கூற்று. மூலங் குறித்தற்குப் பொருள் வேண்டா. ஒரு வரி போதும். அவ்வரி அமையவேண்டுமாறு சுருங்கக் கூறின் வருமாறு:

திருமுறைப் பாட்டாயின் 'தேவாரம்' என்று மட்டும் கூறாது, திருமுறை, பதிகம், பாட்டு ஆகியவற்றின் எண்ணைத் தருக. தேவாரம் பண்முறையாகவும் தலமுறையாகவும் அச்சாகியுள்ளமையின் பதிப்பையும் குறிக்க. திருமந்திரத்தின் பாட்டெண் பதிப்புக்குப் பதிப்பு வேறுபடும். திருத்தொண்டர் புராணத்துப் பாட்டுத்தொகை 4,253 என்பது வழக்காயினும் அதனின் மிக்க தொகையுடைய பதிப்புக்களும் உள. பதிப்புக் கூறாத எண் வழிகாட்டாது.

மூலத்தையும் உரையையும் மயக்கற்க. மெய்கண்ட தேவர் 13ஆம் நூற்றாண்டினர்; சிவஞான சுவாமிகள் 1785இற் சிவபரிபூரணம் அடைந்தவர். மாபாடியத்துக் கருத்தை எழுதி 'சிவஞானபோதம் கூறுகின்றது' என்றல் ஐந்நூறாண்டை விழுங்குவதாம்.

காலங்கூறின் அதற்கும் சான்று கூறுக. உமாபதி சிவாசாரியார் காலம் இன்னதென எழுதுவோர், சங்கற்ப நிராகரணத்தில் அவரே சகம் 1235 எனக் குறித்தமையையும், அது கி.பி. 1313க்கு ஒக்கும் என்பதையும் சேர்த்தெழுதின், கற்பார்க்கு அதனினும் தெளிவு வேண்டா.

நேரிற் காணாத நூலைக் கண்டதுபோல் எழுதற்க. ஒருவர் எடுத்துக்காட்டியதிலிருந்து கொண்டதாயின், இன்னார் இன்ன நூலிற் காட்டியவாறு என்று எழுதுக. பிறர் சொல்லைச் சொல்லாகவே எடுத்தால் மேற்கோட் குறியினுள் ஓரெழுத்தும் மாற்றாது வைக்க. கருத்தை மட்டும் எடுத்தால் கருத்து இன்னாரது என்க. ஊரார் வாய்வழி வந்த செய்தியாயின் 'செவிவழிச் செய்தி' என்றே கூறுக. அங்ஙனம் கூறுதல் இழிவன்று. தம் சொந்தக் கருத்தாயின் அதனைத் தமதென்றே கூறும் துணிவும் வேண்டும். தம் கருத்தை 'ஆன்றோர் கூறுவர்' என்று ஆன்றோர் தலைமேல் ஏற்றுதலும், ஆன்றோர் கருத்தைத் தமதென்று கவர்தலும் ஒரே குற்றத்தின் இரு கூறு.

இத்துணையும் செய்வோர்க்கு நூலின் பக்கம் சில மிகலாம். எழுதும் நாள் பல மிகலாம். மூலந்தேடும்போது தாம் எழுத எண்ணியது மூலத்தில் இல்லையென்று கண்டு, எழுதியதை நீக்கவும் நேரலாம். அந்நீக்கமே அரங்கேற்றத்தின் பயன். அதனை அஞ்சி மூலம் தேடாதிருப்போர் நூல் எழுதாதிருத்தலே சைவத்துக்குச் செய்யும் பேருதவி.

சைவ நன்மக்களுக்கும் இதிற் பங்குண்டு. கோயில்வாயிலிலும் விழாவிலும் விலைக்கோ விலையின்றியோ வரும் நூலைக் கையேற்கும்போது, அதன் வழி யாது, சான்று யாண்டுளது என்று வினாவுக. வினாவுதல் அன்புக்கு மாறன்று. குமரகோட்டத்து அவையத்தார் வினாவியமையாலன்றோ பெருமான் மறுநாள் எழுந்தருளி விடை காட்டினான்! வினாவுவார் பெருகின் மூலங்கூறி எழுதுவார் பெருகுவர். அவர் பெருகின் முன்னோர் பெயரும் நூலும் நின்று நிலவும். எழுதுவோரும் கற்போரும் இதனை உய்த்துணர்ந்து ஒழுகுவாராக.

திருச்சிற்றம்பலம்.